சூடாகாத லேப்டாப் தேடிய கதை

1

பரத், உன் குரல் செய்தி வந்து விழுந்த நேரத்தில் உன் அப்பா நான் மஸ்கட்டில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் நின்று, வலது கட்டைவிரலைப் பேண்டில் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ரெசிடென்ட் கார்டு புதுப்பிக்க வேண்டிய வாரம் இது. இந்த மாதத்தோடு நான் இங்கு வந்து பதினெட்டு வருஷம் முடிகிறது. ஒவ்வொரு முறையும் கார்டுக்கு ரேகை வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்த மிஷின் என் விரலை வேண்டாம் என்று சொல்லும். ஏசியின் காயிலில் மெல்லிய தகடுகள் வரிசையாக இருக்கும், நீ பார்த்திருப்பாய். அதைத் துடைத்துத் துடைத்தே என் விரல் நுனி வழவழப்பாகிவிட்டது. கவுண்டரில் இருந்த பெண் ஈர டிஷ்யூ கொடுத்தாள், ஏதோ களிம்பு கொடுத்தாள். அவள் அரபியில் சொல்ல, நான் இந்தியில் சொல்ல, ஐந்தாவது தடவையும் சிவப்பு விளக்கு எரிந்ததும் என் வாயிலிருந்து தமிழ்தான் வந்தது: "ஏம்மா, என்னப் பாத்தா திருடன் மாதிரியா கீது?" அவளுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் சிரித்தாள். ஆறாவது தடவை பச்சை விளக்கு எரிந்தது.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து உன் செய்தியைக் கேட்டேன். "அப்பா, எனக்கும் அக்காவுது மாதிரியே பெரிய லேப்டாப் வேணும். கேம் ஆடுனா சூடாவக் கூடாது. டியூஷன்ல எல்லாரும் கேக்கறாங்க, உங்கப்பா எப்டி பாத்து வாங்குனாருன்னு."

கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். நான் பத்தாவது முடித்து, அம்பத்தூரில் ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனம் படித்தவன். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம். காற்றைப் பற்றித் தெரிந்தது நிறைய. உனக்கும் உன் டியூஷன் கூட்டாளிகளுக்கும் புரிகிற மாதிரி எழுதுகிறேன். உங்கள் அம்மாக்கள் படித்தாலும் பரவாயில்லை.

2

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். இது லேப்டாப் பற்றி மட்டும் இல்லை.

உன் அக்கா மேகலா சின்னவளாக இருந்தபோது போனில் பெரிய பட்டியலே படிப்பாள். ஷூ, பென்சில் பாக்ஸ், சாக்லேட், கண் மூடித் திறக்கும் பொம்மை. நான் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருகிறவன். போன லீவில் பார்த்த கால் அளவுதான் என் மனசில் இருக்கும். அந்த அளவில் ஷூ வாங்கி வருவேன். அவள் காலை நுழைத்துப் பார்ப்பாள், நுழையாது. "பரவால்லப்பா" என்று டப்பாவில் வைத்துவிடுவாள். நான் பொம்மை வாங்கி வந்த வருஷம் அவள் பொம்மை ஆடுவதை விட்டிருந்தாள். கலர் பென்சில் கொண்டுவந்த வருஷம் அவள் போனிலேயே படம் வரையக் கற்றிருந்தாள்.

ஒன்பதாவது படிக்கும்போது, "என்னம்மா வேணும்?" என்று கேட்டதற்கு, "எதுவும் வேணாம்பா, நீ வந்தா போதும்" என்றாள். உன் அம்மா செல்விக்குக் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. "பாரு, எம்மாம் பாசம்" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த தடவையும் எதுவும் வேண்டாம் என்றாள். அதற்கடுத்த தடவையும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா கொண்டு வருவது எப்படியும் சரியாக இருக்காது என்று பிள்ளை முடிவு பண்ணிவிட்டாள். கோபம் இல்லை, சண்டை இல்லை. கேட்பதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். அதற்கப்புறம் ஃபோனில் எங்களுக்குள் பேச்சு என்றால் சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், இதுதான்.

அப்படியிருந்தவளிடமிருந்து இந்த வருஷம் பொங்கல் முடிந்த கையோடு ஒரு செய்தி. "அப்பா, ஒரு லேப்டாப் வேணும். ஸ்க்ரீன் பெருசா இருக்கணும். பவர் ஜாஸ்தியா இருக்கணும். ஹீட் ஆவவே கூடாது. நீ மே மாசம் வரும்போது முடியுமா?"

வேலப்பன்சாவடியில் அவள் அனிமேஷன் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அம்பத்தூரில் ஒரு ஸ்டுடியோ, முப்பது வினாடிப் படம் ஒன்று செய்து அனுப்பச் சொல்லியிருந்தது. பிடித்திருந்தால் வேலை. அவளுடைய பழைய லேப்டாப் பத்து நிமிஷத்தில் கொதித்து நின்றுவிடும். நான் ஊர் வந்து சேர்கிற மறுநாள், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் படம் போய்ச்சேர வேண்டும்.

அந்தச் செய்தியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. ஒன்று மட்டும் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. ஆறேழு வருஷத்துக்கு அப்புறம் கேட்டிருக்கிறாள். இதுவும் தப்பானால் இனிமேல் கேட்க மாட்டாள்.

3

இங்கே மஸ்கட்டின் ரூவி பகுதியில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு வெள்ளிக்கிழமை, சட்டைப்பையில் டெம்பரேச்சர் பார்க்கும் மீட்டரும் ஒரு கட்டு டிஷ்யூ பேப்பருமாக ஒரு கடைக்குள் நுழைந்தேன். விற்பனைக்கு நின்றவன் ஷமீர், மலையாளி. "பெரிய ஸ்க்ரீன், பெரிய பவர், சூடாகக் கூடாது" என்றேன். அவன் மூன்றை எடுத்து வைத்தான்.

மேகலா வீடியோ காலில் வந்து, ஓர் இலவச மென்பொருளின் பெயர் சொல்லி, தன் படத்திலிருந்து ஒரு சின்னக் காட்சியையும் அனுப்பினாள். ஷமீர் நல்லவன். மூன்றிலும் அதை இறக்கி ஓட விட்டான்.

"அரை மணி நேரம் ஓடட்டும். நான் உட்காருகிறேன்" என்றேன்.

முதலாவது தோசை மாதிரி மெல்லிசு, முழுக்க உலோகம், பார்க்க ராஜா வீட்டுச் சாமான் போல இருந்தது. பத்து நிமிஷத்தில் புறங்கையை வைத்தேன், எடுத்துவிட்டேன். பரத், சூடு பார்க்க உள்ளங்கையை வைக்கக் கூடாது, வேலை செய்கிற கைக்கு அங்கே தோல் தடித்திருக்கும். புறங்கைதான் உண்மை சொல்லும்.

இரண்டாவது தொட்டால் ஜில்லென்று இருந்தது. சந்தோஷப்பட்டேன். அப்புறம் சந்தேகம் வந்தது. டிஷ்யூவைக் கிழித்து அதன் காற்றுத் துளைக்கு நேராகப் பிடித்தேன். அசையவே இல்லை. இவ்வளவு வேலை செய்கிற இயந்திரத்தில் சூடு பிறக்காமல் இருக்காது. அது வெளியே வரவில்லை என்றால் ஒன்று உள்ளேயே இருக்கிறது, இல்லையென்றால் இயந்திரம் வேலையைக் குறைத்துக்கொண்டு சும்மா பாசாங்கு பண்ணுகிறது. ஷமீர் திரையில் பார்த்துவிட்டுச் சொன்னான், வேகம் பாதியாகிவிட்டது என்று.

மூன்றாவது பதினெட்டு அங்குலத் திரை. தடியாக, கறுப்பாக, அழகே இல்லாமல் இருந்தது. ஆனால் அதன் பின்பக்கம் டிஷ்யூவைப் பிடித்தேன் பார், கொடி மாதிரிப் படபடவென்று பறந்தது. லேப்டாப்பை மேஜை விளிம்புக்கு வெளியே கொஞ்சம் நீட்டி, அடியில் டிஷ்யூவைக் காட்டினேன். சடக்கென்று உறிஞ்சி ஒட்டிக்கொண்டது. அடியில் இழுக்கிறது, பின்னால் தள்ளுகிறது. உள்ளே இரண்டு பெரிய ஃபேன், நீளமான செப்புக் குழாய்கள். பெரிய உடம்பு இருந்தால்தான் இதெல்லாம் உள்ளே உட்கார இடம் இருக்கும்.

ஷமீர் பின்னால் கை வைத்துப் பார்த்து, "சேட்டா, இதினு நல்ல சூடுண்டல்லோ" என்றான்.

"அதான்யா வேணும்" என்றேன். "அந்தச் சூடு வெளிய போனாத்தான் உள்ள குளிரும். ஏசிக்கு வெளியே வைக்கிற பெட்டி அனல் கக்குனா ரூமுக்குள்ள ஜில்லுன்னு இருக்கும்."

அவன் என் மீட்டரையும் டிஷ்யூவையும் மாறி மாறிப் பார்த்தான். "சேட்டா லேப்டாப் வாங்கான் வந்ததோ, சர்வீஸ் செய்யான் வந்ததோ?"

போனிலிருந்து மேகலாவின் குரல்: "அப்பா, என்னப்பா மாவு மிஷின் மாதிரி சத்தம் வருது?"

"சத்தம் வரும்மா. இல்லாத மாதிரி நடிக்கறத வாங்கச் சொல்றியா?"

அவள் சிரித்தாள். வாரண்டி நம் ஊரில் செல்லுமா என்று கேட்கச் சொன்னாள். செல்லும் என்று எழுதச் சொல்லி முத்திரையும் வாங்கினேன். கீபோர்டில் ஆங்கிலத்தோடு அரபி எழுத்தும் இருந்தது. அதைக் காட்டியதும், "அழகா கீதுப்பா, இருக்கட்டும்" என்றாள்.

ஆக, கூட்டாளிகளே, இவ்வளவுதான் ரகசியம். மெல்லிசைப் பார்த்து மயங்காதீர்கள். தொட்டால் ஜில்லென்று இருப்பதை நம்பாதீர்கள். நிஜமான வேலையைக் கொடுத்து அரை மணி ஓட விட்டு, காற்று எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று பாருங்கள்.

இவ்வளவு தெரிந்த ஆள் அடுத்து என்ன செய்தான் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

4

வளைகுடாவிலிருந்து சாமான் கொண்டு வருகிற எங்களுக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டு. புதுசு புதுசாகவே வீடு போய்ச் சேர வேண்டும். ஒரு கீறல் இருந்தால்கூட, "செகண்ட் ஹேண்டா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். நம் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இன்னும் ஒட்டியிருக்கிற கண்ணாடித்தாளை நீ தினமும் பார்க்கிறாயே, அது இந்தப் பழக்கம்தான். ரிமோட்டுக்கு உறை, சோபாவுக்கு பிளாஸ்டிக்.

அட்டைப்பெட்டி பெரிதாக இருந்தது. கைப்பையில் போகாது. அதனால் லேப்டாப்பை மட்டும் எடுத்து, ஒட்டுகிற கண்ணாடித்தாள் ஒரு சுருள் வாங்கி, மேல் மூடிக்கு ஒட்டினேன், கை வைக்கும் இடத்துக்கு ஒட்டினேன், அடிப்பக்கத்துக்கும் ஒட்டினேன். ஒரு குமிழி இல்லாமல், விளிம்பு தூக்காமல். என்னோடு அறையில் தங்கியிருப்பவர்கள் பார்த்து மெச்சினார்கள். அப்புறம் இரண்டு துண்டு, ஒரு கம்பளி.

வியாழக்கிழமை காலை சென்னையில் இறங்கினேன். முத்தாபுதுப்பேட்டையில் நம் தெரு முனை வந்ததும் ஆட்டோக்காரரிடம் என்னையறியாமல் "கலாஸ், கலாஸ்" என்றேன். போதும், முடிந்தது என்பதற்கு இங்கே அதுதான் வார்த்தை.

அவர் திரும்பிப் பார்த்தார். "துபாயா சார்?"

"மஸ்கட்."

"அல்லாம் ஒண்ணுதான் சார். எறங்கு."

நீ அந்த வாரம் மாங்காட்டில் அத்தை வீட்டில் இருந்தாய். அதனால் வெள்ளிக்கிழமை நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது. தெரிந்திருந்தால் தெருவுக்கே சொல்லியிருப்பாய்.

வந்த அன்றே செல்வி லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். மஸ்கட் பிளக்கின் தடிக் கால்கள் நம் சுவரில் நுழையாது என்பதை நான் மறந்தே போயிருந்தேன். உன் மாமன் டில்லி, அந்த வாரம் நைட் ஷிப்ட் என்பதால் பகலில் வீட்டில் இருந்தவன், ஆவடி மார்க்கெட்டுக்கு வண்டியில் பறந்து ஒரு மாற்றுப் பிளக் வாங்கி வந்தான். ஏசி உள் அறையில் இருக்கிறது, ஆனால் பெரிய மேஜை அந்த வாசலில் நுழையாது. அதனால் ஹாலில், ஃபேனுக்குக் கீழே. மே மாத வெயில் மொட்டை மாடியை அடித்துக்கொண்டிருந்தது.

மேகலா அன்று முழுக்க எல்லாவற்றையும் அதில் ஏற்றித் தயாராக வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, படங்களை ஒவ்வொன்றாக உருவாக்கித் தரும் கடைசி வேலையை ஓட விட்டாள். "நாலு அவர்ல முடிஞ்சிரும்பா. டைம் இருக்கு."

ஒன்பதே காலுக்கு லேப்டாப்பின் ஃபேன் அலறியது. ஒன்பது இருபதுக்குத் திரை கறுப்பானது. தானாக அணைந்துவிட்டது.

டில்லி அதன் மேல் கை வைத்துவிட்டு உதறினான். "இன்னா மாமா, லேப்டாப்பா இட்லி குண்டானா? ரெண்டு ஈடு எடுத்துர்லாம் போல கீது."

"டேய், சும்மா இருடா" என்றாள் செல்வி.

கொஞ்சம் ஆற விட்டு மறுபடி ஓட விட்டாள். டேபிள் ஃபேனைப் பக்கத்தில் வைத்தோம். இருபத்தைந்து நிமிஷம், மறுபடி கறுப்பு. மூன்றாவது தடவை வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள். அந்த வேகத்தில் போனால் ஞாயிற்றுக்கிழமைதான் முடியும் என்று காட்டியது. மணி பத்தரை தாண்டிவிட்டது.

மேகலா நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "பரவால்லப்பா" என்றாள். "வேற எதுனா கம்பெனி வரும். நீ ஃபீல் பண்ணாத."

அந்தப் பரவாயில்லை எனக்குத் தெரிந்த பரவாயில்லை. ஷூ டப்பாவை மூடும்போது சொல்வாளே, அதே குரல்.

5

என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இயந்திரம் தகராறு பண்ணினால் கோபப்படாதே, காற்றிலிருந்து ஆரம்பி. குங்குமக் கை துடைக்கச் செல்வி சாமி படத்தடியில் வைத்திருந்த டிஷ்யூ ஒன்றைக் கிழித்தேன். பின்பக்கம் காட்டினேன். கடையில் கொடி போலப் பறந்தது இங்கே சோம்பலாக ஆடியது. லேப்டாப்பைக் கொஞ்சம் தூக்கி அடிப்பக்கம் காட்டினேன். கடையில் உறிஞ்சி ஒட்டியது, இங்கே நழுவித் தரையில் விழுந்தது.

வெளியே தள்ள ஆள் இருக்கிறான், உள்ளே இழுக்கக் காற்று இல்லை. ஏன்?

திருப்பிப் போட்டேன். ஜன்னல் வெளிச்சம் அடிப்பக்கத்தில் பட்டுப் பளபளத்தது. பிளாஸ்டிக் அப்படிப் பளபளக்காது. நகத்தால் ஓரத்தைக் கிளறினேன்.

கண்ணாடித்தாள். நான் ஒட்டியது. ஒரு குமிழி இல்லாமல், விளிம்பு தூக்காமல், காற்று நுழைகிற நூற்றுக்கணக்கான துளைகளையும் சேர்த்து.

மற்றவர்களில் டில்லிதான் முதலில் பார்த்தான். அப்புறம் சோபாவில் விழுந்து சிரித்தான்.

"மாமே! ஊருக்கெல்லாம் காத்து வுடற ஆளு, பெத்த பொண்ணு லேப்டாப்புக்கு மூக்கப் பொத்திகினு வந்துகிறியே மாமே!"

"கீறல் வுழுந்துரும்னுதான்..." என்றேன்.

"கீறல் இன்னா கீறல், உயிரே பூட்ருக்கும்!"

செல்வி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் மேகலாவைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, நான் கிளறிய ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள். சர்ரென்று ஒரு சத்தம். முழுத்தாளும் கையோடு வந்தது. அதைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்து, அதன் வழியாக என்னைப் பார்த்தாள். அப்புறம் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணீர் வரச் சிரித்தாள்.

"எப்டிப்பா இவ்ளோ நீட்டா ஒட்டுன?"

"ரெண்டு மணி நேரம் ஆச்சும்மா."

லேப்டாப்பின் பின்பக்க இரண்டு மூலையிலும் சோடா மூடி ஒன்று வைத்துக் கொஞ்சம் உயர்த்தினேன். பத்து ஐம்பதுக்கு மறுபடி ஓட விட்டாள். பின்னாலிருந்து அனல் காற்று புறப்பட்டது. டில்லியின் லுங்கி படபடத்தது. கீபோர்டு வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

நாலு மணி நேரம் என்றால் இரண்டே முக்கால், மூன்று. அதுவரை நான் எழுந்திருக்கவில்லை. மேகலாவும் எழுந்திருக்கவில்லை. செல்வி சாப்பாட்டைத் தட்டோடு கொண்டுவந்து கொடுத்தாள். அப்போதுதான் முதல் தடவையாக என் மகள் என்ன செய்கிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

ஒரு தெரு நாய். பட்டாபிராமில் மின்சார ரயில் ஏறி, டிக்கெட் இல்லாமல் அம்பத்தூர் போகிறது. பெண்கள் பெட்டியில் ஒரு பூக்காரியின் கூடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. முப்பது வினாடியில் இத்தனையும். திரையில் ஒவ்வொரு படமாக வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

"இது ஏம்மா இவ்வளவு நேரம் எடுக்குது?"

"நாய்க்கு முடிப்பா. ஒவ்வொரு முடிக்கும் வெளிச்சம் எங்க படுது, நிழல் எங்க வுழுதுன்னு கணக்கு போடும். லட்சக்கணக்குல முடி. அதான் ஹீட்டாவுது."

யோசித்தேன். "அப்ப மொட்ட நாயா வரஞ்சிருந்தா காலைலயே முடிஞ்சிருக்கும்ல?"

அவள் என் தோளில் தலையை முட்டிச் சிரித்தாள். டில்லி உள்ளேயிருந்து கத்தினான், "திருப்பதி போய் வந்த நாய்னு சொல்லிர்லாம்!"

அந்த மதியம் அவள் பேசிக்கொண்டே இருந்தாள். நாயின் காது ஏன் ரயில் காற்றில் அப்படி ஆட வேண்டும், பூக்காரி ஏன் கடைசியில் அதற்கு நகர்ந்து இடம் விடுகிறாள், எல்லாம். நானும் சொன்னேன், ஓடுகிற ரயிலில் காற்று ஜன்னலுக்குள் நேராக வராது, சுழன்று பின்னாலிருந்து அடிக்கும், அதனால் காது முதலில் முன்னால் மடங்கும் என்று. அவள் நிறுத்தி, "அப்படியா?" என்று கேட்டு, ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். அடுத்த படத்துக்கு உதவுமாம்.

இரண்டு ஐம்பதுக்குக் கடைசிப் படமும் வந்து சேர்ந்தது. அவள் ஒட்டிச் சேர்த்து, ஒலியும் ஏற்றி, மூன்று தடவை சரிபார்த்து, நாலேகாலுக்கு அனுப்பினாள். அனுப்புவதற்கு முன்னால் நாங்கள் நாலு பேரும் அந்தப் பெரிய திரையில் படத்தைப் பார்த்தோம். நாய் அம்பத்தூரில் இறங்கியதும் செல்வி கை தட்டினாள். "எறங்கிருச்சி, எறங்கிருச்சி" என்றாள், நிஜ நாய்க்குச் சொல்வது போல.

6

நான் லீவு முடிந்து மஸ்கட் திரும்பிய பிறகுதான் வேலை கிடைத்த சேதி வந்தது. ஒரு வீட்டு மாடியில் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தேன். கத்திவிட்டேன். அந்த வீட்டுக்காரர் பயந்து ஓடி வந்தார். எந்த மொழியில் சொல்வது என்று தெரியாமல், வீட்டு வேலைக்காரர் முதற்கொண்டு எல்லோருக்கும் கை கொடுத்தேன். அவர்களும் கொடுத்தார்கள்.

பரத், உன் லேப்டாப் விஷயத்துக்கு வருகிறேன். கேமுக்கு என்று கேட்டிருக்கிறாய். முதலில் அக்காவுடையதில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஆடு. அவள் சம்மதித்தால். எது ஆடினால் எவ்வளவு சூடாகிறது, காற்று எங்கே வருகிறது என்று புறங்கையால் பார்த்து ஒரு நோட்டில் எழுது. அதை எனக்கு அனுப்பு. பிறகு பேசுவோம். கண்ணாடித்தாள் நான் ஒட்ட மாட்டேன், அதற்கு நீயே சாட்சி.

இன்று ரேகை வைத்துத் திரும்பி, உன் செய்திக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது மேகலா கூப்பிட்டாள். ஆபீஸில் சாப்பாட்டு இடைவேளையாம். சாப்பிட்டாயா என்று நான் கேட்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"அப்பா, வூட்டுல வேல செய்ய தனியா ஒரு பெரிய மானிட்டர் வேணும்ப்பா. காசு நான் குடுத்துர்றேன். அடுத்த தபா வரும்போது பாத்து எடுத்துகினு வரியா? அப்பால ஒரு நல்ல நாற்காலி, அது இங்கயே வாங்கலாம், ஆனா எதுன்னு நீ சொல்லு."

"மானிட்டர் எந்த மாடல்னு எழுதி அனுப்பும்மா."

"மாடல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. நீயே பாத்து வாங்கு. உனக்குத் தெரியும்."

"சிக்னல் சரியில்லம்மா, இன்னொரு தபா சொல்லு" என்றேன்.

சொன்னாள். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.